எலி ஓடினால் இருதயம் தெரியும்



இன்றைய அரங்கில் நான் பேசப்போவது டிரெட்மில்லில் ஓடும் சுண்டெலிகளைப் பற்றி. தலைப்பைச் சொன்னதுமே எங்கள் ஒளிப்பதிவாளர், "எலிக்கு என்னங்க தொப்பை?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருக்கட்டும். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்திற்கு 513 படிகள். பாதி ஏறுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருபவர்கள் நம்மில் எத்தனை பேர்? "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று நமக்கு நாமே பதில் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பதில் சரிதானா என்பதற்குத்தான் எலிகள் சாட்சி சொல்ல வருகின்றன.

சுண்டெலியின் எடை 20, 30 கிராம்தான். ஆனால் அதன் இருதயம் நிமிடத்திற்கு 500, 600 முறை துடிக்கும். ஆய்வுக்கூடத்தில் அதற்கென்று ஒரு குட்டி டிரெட்மில் உண்டு. இரண்டு மூன்று நாள் பழக்கிய பிறகே சோதனை. நிமிடத்திற்குப் பத்து மீட்டர் போல மெதுவாகத் தொடங்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டுவார்கள். பட்டையைச் சாய்த்து மேடேற வைப்பதும் உண்டு. எலி இனி ஓட முடியாது என்று நின்றுவிடும் நேரத்தையும் தூரத்தையும் குறித்துக்கொள்வார்கள்.

நிற்காமல் ஓட வைப்பது எப்படி? பட்டையின் பின்முனையில் ஒரு கம்பித்தட்டு இருக்கும். பின்தங்கி அதில் கால் வைத்தால் லேசான மின்னதிர்ச்சி. கேட்கவே சங்கடமாகத்தான் இருக்கிறது. அதனால் மெல்லிய தூரிகையால் தட்டியோ காற்றை ஊதியோ ஓட வைக்கும் ஆய்வாளர்களும் உண்டு.

இங்கே ஒரு சிக்கல். எலி நின்றது இருதயம் களைத்ததாலா, 'போதும் போ' என்று அலுத்ததாலா? மேலும், எலி இரவில் நடமாடும் பிராணி. பகலில் அதை ஓட விடுவது, நம்மை நடுநிசியில் எழுப்பி ஓடச் சொல்வது போல. ஆகவே மூடிய கூண்டுக்குள் டிரெட்மில்லை வைத்து, எலி எவ்வளவு பிராணவாயுவை உட்கொள்கிறது என்றும் அளக்கிறார்கள். வேகம் கூடியும் பிராணவாயுவின் அளவு கூடாமல் நின்றுவிட்டால், அதுவே உடலின் உச்சம். ஓடிய தூரத்தைவிட இந்தக் கணக்கைத்தான் நான் நம்புவேன்.

டிரெட்மில்லில் ஓடிய தூரத்தை வைத்து அமெரிக்காவில் கோக், பிரிட்டன் என்ற இரு விஞ்ஞானிகள் 1996-இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். சுண்டெலியில் அல்ல, பெரிய எலியில். நன்றாக ஓடும் எலிகளைத் தனியாகவும், சீக்கிரம் களைக்கும் எலிகளைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். எதற்கும் ஓட்டப் பயிற்சி தரவில்லை. 11 தலைமுறை கழித்து, 2005-இல் முடிவு வெளியானது. ஓடமாட்டாத வம்சத்திற்கு இரத்த அழுத்தம் அதிகம், சர்க்கரைக் கோளாறும் அதிகம். 2011-இல் இன்னொன்றும் தெரிந்தது. அந்த வம்சத்தின் ஆயுளே 28 முதல் 45 விழுக்காடு குறைவு!

"அப்படியானால் எல்லாம் தலையெழுத்தா?" என்று கேட்பீர்கள். நமக்கு இந்தக் கேள்வி வலிக்கும். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. "எங்க பரம்பரையே அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தே தாரேக் கேட்கிறோம். ஆனால் 2009-இல் அதே ஓடமாட்டாத வம்சத்து எலிகளை டிரெட்மில்லில் பழக்கிப் பார்த்தார்கள். அவற்றின் உச்சம் உயர்ந்தது, இரத்தக் குழாய்களும் தேறின. கொஞ்சம் வேகம், கொஞ்சம் இளைப்பாறல் என்று மாற்றி மாற்றி ஓடியவை, ஒரே சீராக மெதுவாக ஓடியவற்றைவிட நன்றாகத் தேறின. பிறவியில் வந்ததும் அசைந்து கொடுக்கிறது, நேயர்களே.

மனிதருக்கு இந்தச் சோதனையை 1963-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்துக் கொடுத்தார். மணிக்கு 2.7 கிலோமீட்டரில் தொடங்கி, மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். படிகளை வைத்தும் ஒரு கணக்கு உண்டு. 2020-இல் ஸ்பெயின் மருத்துவர்கள் 165 பேரைச் சோதித்துவிட்டு, 60 படிகளை ஏற ஒன்றரை நிமிடத்திற்கு மேல் ஆனால் இருதயத்தைக் கவனிக்க வேண்டும் என்றார்கள்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையே கடிகாரத்தோடு தண்ணீர்மலைக்கு ஓடிவிடாதீர்கள். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், முன்பு இல்லாத மூச்சுத் திணறல் இருப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் போங்கள். நான் படித்தது மக்கள் தொடர்பு டிப்ளோமா, மருத்துவம் இல்லை. டிரெட்மில் சோதனை தேவையா என்று அவர்தான் சொல்ல வேண்டும். சொன்னால், நடக்க வசதியான காலணி போட்டுக்கொள்ளுங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கையோடு கொண்டு போங்கள். நெஞ்சில் கம்பிகளை ஒட்டியிருப்பார்கள், பக்கத்திலேயே ஆள் நிற்பார். முடியவில்லை என்றால் "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம், உடனே நிறுத்திவிடுவார்கள். எலிக்கு அந்த வசதி கிடையாது.