லாரி நின்றால் என்ன செலவு?

இன்றைய பேச்சு லாரியைப் பற்றியது.

நெடுஞ்சாலையில் போகும் மிகப் பெரிய லாரிகள் அல்ல. காய்கறி, சிமெண்டு, அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஊருக்கு ஊர் போகும் ஆறு சக்கர லாரி. மோட்டார் வாகனச் சட்டம் இதை நடுத்தரச் சரக்கு வாகனம் என்கிறது. வண்டியும் சரக்கும் சேர்ந்து 7,500 கிலோவுக்கு மேல், 12,000 கிலோவுக்குள் இருந்தால் அது நடுத்தர வண்டி.

இப்படிப்பட்ட லாரி வைத்திருப்பவர்கள் பலரிடம் ஒரே ஒரு வண்டிதான் இருக்கும். அவரே முதலாளி. அவரே டிரைவர். வண்டி கடனில் வாங்கியதாக இருக்கும். வண்டி பட்டறையில் நின்றுவிடும். ஆனால் மாதத் தவணை நிற்காது. மெக்கானிக் கொடுக்கும் பில் செலவில் ஒரு பங்குதான். போக முடியாத நடையின் வாடகை போச்சு. ஏற்றிய தக்காளி அழுகிப் போச்சு. வழியில் நின்ற வண்டியைக் கட்டி இழுத்து வந்த கூலி வேறு. இவை எந்தப் பில்லிலும் வராது.

லாரி திடீரென்று கெடுவது குறைவு. பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லும். சத்தத்தால் சொல்லும். வாடையால் சொல்லும். முள்ளைக் காட்டிச் சொல்லும். "இந்த ஒரு நடை போய் வந்துவிடலாம்" என்று நினைக்கும்போதுதான் செலவு வளர்கிறது.

இஞ்சின் சூட்டைப் பாருங்கள். ரேடியேட்டர் தண்ணீரையும் விசிறியையும் ஓட வைப்பதில் பெல்ட்டுக்குப் பெரிய வேலை. பெல்ட்டின் விலை சில நூறு ரூபாய்தான். அது வெடித்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். மாற்றாமல் போனால் வழியில் அறுந்துவிடும். சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறும். அங்கேயே ஓரம் கட்டி நிறுத்தினால் நஷ்டம் அந்தப் பெல்ட்டோடு போகும். இன்னும் பத்து கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும். அது பல ஆயிரம் ரூபாய். அப்போதும் நிறுத்தாவிட்டால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். பிறகு இஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும். அந்த வேலை லட்சம் ரூபாயைத் தாண்டும். வண்டியும் பல நாள் பட்டறையில் கிடக்கும்.

சூடேறிய இஞ்சினில் சட்டென்று பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரும்பு விரிசல் விடும். ரேடியேட்டர் மூடியையும் உடனே திறக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீர் பீறிட்டு முகத்தைப் பொசுக்கிவிடும். போர் தண்ணீரையே எப்போதும் ஊற்றுவதும் கெடுதல். அடுப்பில் வைக்கும் பாத்திரத்தில் படியும் உப்பைப் போல ரேடியேட்டர் குழாயிலும் படியும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன கூலன்ட் விலை அதிகம்தான். அடைத்துப்போன ரேடியேட்டரின் விலை அதைவிட அதிகம்.

அடுத்தது பிரேக். இதில் பணக் கணக்கு மட்டும் இல்லை. உயிர்க் கணக்கு.

புனே நகரத்தின் ஓரத்தில் காத்ரஜ் பக்கத்துச் சுரங்கப் பாதை ஒன்று உண்டு. பெங்களூரிலிருந்து மும்பை போகும் லாரிகள் அந்த வழியாகத்தான் வரும். சுரங்கத்தைத் தாண்டியதும் நவலே பாலம் வரை ஒரே இறக்கம். அங்கே விபத்துகள் அடிக்கடி நடந்திருக்கின்றன. 2022 நவம்பரில் ஒரே ஒரு லாரி பல வண்டிகளை இடித்து நொறுக்கியது.

இப்படிப்பட்ட இறக்கத்தில் சில டிரைவர்கள் டீசல் மிச்சம் என்று வண்டியை நியூட்ரலில் விடுகிறார்கள். சிலர் இஞ்சினையே நிறுத்திவிடுகிறார்கள். இது தவறான கணக்கு. இப்போது வரும் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் இஞ்சினுக்கு டீசல் போவதே இல்லை. நியூட்ரலில் போட்டால்தான் இஞ்சின் நின்றுவிடாமல் இருக்க டீசல் செலவாகிறது. மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு செய்கிறார்கள்.

இன்னொன்று. ஏர் பிரேக் வண்டியில் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் டேங்கில் இருக்கும் காற்று குறைகிறது. இஞ்சின் ஓடினால்தான் காற்று மறுபடி நிரம்பும். இஞ்சினை நிறுத்தினால் ஸ்டீயரிங்கும் கல்லைப் போலக் கனக்கும். நியூட்ரலில் வரும் வண்டியின் முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். மிதித்துக்கொண்டே வந்தால் லைனிங் கொதிக்கும். கருகிய வாடை வரும். அதன் பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. "பிரேக் பெயிலியர்" என்று பத்திரிகையில் போடுகிறார்கள். பல சமயம் பிரேக் கெடவில்லை, கெடுக்கப்பட்டது. எந்தக் கியரில் மேடு ஏற முடியுமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும். பழைய டிரைவர்கள் சொல்லும் இந்தச் சொல்லுக்கு மாற்று இன்றும் இல்லை.

காற்று டேங்கின் அடியில் தண்ணீர் சேரும். அதைத் திறந்து வடிக்கக் காசு வேண்டாம், சில நிமிடம் போதும். லைனிங் தேய்ந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். விட்டால் ஆணி வெளியே வந்து டிரம்மை அறுக்கும். பிறகு டிரம்முக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 வண்டிகள்தான் புதிதாக விற்கப்படுகின்றன. இந்த வகை லாரிகள் பலவற்றில் டீசல் டேங்கின் பக்கத்தில் ஒரு சிறிய டேங்க் இருக்கும். அதன் மூடி நீல நிறம். அதில் ஊற்றுவது யூரியாத் திரவம். புகையில் உள்ள நச்சை அது குறைக்கிறது. திரவம் தீர்ந்தால் முதலில் விளக்கு எரியும். கவனிக்காவிட்டால் வண்டியின் இழுவை குறைந்துவிடும். மெக்கானிக் எதையும் பிரிக்க வேண்டாம். திரவம் ஊற்றினால் போதும்.

ஆனால் வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றக் கூடாது. வண்டிக்கான திரவம் மிகச் சுத்தமான யூரியாவும் சுத்தமான தண்ணீரும் கலந்தது. அதில் யூரியா சரியாக 32.5 சதவீதம் இருக்கும். உர யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கும். மற்ற கசடும் இருக்கும். அது ஊசியை அடைக்கும். புகைக் குழாயில் உள்ள விலை உயர்ந்த பாகத்தைப் பாழாக்கும். வாளியில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். முத்திரை உடைந்த வாளி வேண்டாம்.

கிளச் தட்டும் பட்டையும் டிரைவரின் பழக்கத்தைப் பொறுத்தவை. கிளச்சின் மேல் எப்போதும் காலை வைத்திருந்தால் தட்டு சீக்கிரம் தேயும். மாற்ற, கூலியோடு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். அதிக லோடு ஏற்றினால் பட்டை ஒடியும், டயர் வெடிக்கும். 2019 செப்டம்பர் முதல் அதிக லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மூன்று டன் கூடுதல் என்றால் 26,000 ரூபாய். அந்த மூன்று டன்னில் கிடைத்த வாடகை எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி பட்டறைக்கு வருவோம். நல்ல மெக்கானிக்குகள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனாலும் எழுத்தில் வாங்குவது இரண்டு பேருக்கும் நல்லது. வேலை தொடங்கும் முன்பே கேட்க வேண்டும்: "அண்ணே, என்னென்ன மாத்தணும், எவ்வளவு ஆகும்னு ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க." கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்க வேண்டும். மாற்றியது உண்மையா என்று அது சொல்லும்.

பில்லில் பாகத்தின் விலை தனியாக, கூலி தனியாக இருக்க வேண்டும். வண்டிப் பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி 18 சதவீதம். 10,000 ரூபாய் பாகத்துக்கு வரி 1,800 ரூபாய். முன்பு பல பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. இன்னும் 28 என்று பில் போட்டால் ஏன் என்று கேட்கலாம். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் பாகம் போலியாக இருந்தால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

வண்டியில் ஒரு நோட்டு இருக்கட்டும். நாற்பது பக்க நோட்டே போதும். தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த பணம். ஒரு வேலைக்கு ஒரு வரி. இஞ்சின் ஆயில் எப்போது மாற்றியது, அடுத்து எந்தக் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். போன மாதம் மாற்றிய பேரிங் இந்த மாதம் மறுபடி பில்லில் வந்தால் நோட்டு காட்டிக்கொடுக்கும். மனைவியோ மகளோ எழுதினாலும் சரிதான். பல வீடுகளில் அவர்கள்தான் தவணைக் கணக்கையும் பார்க்கிறார்கள்.

நோட்டை ஆர்.சி. புத்தகத்தோடு ஒரே பையில் வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் இஞ்சின் எப்படி என்றுதான் முதலில் கேட்பார். அந்த நோட்டை எடுத்து அவர் கையில் கொடுக்கலாம்.