கர்ப்பப்பை இறக்கம்: வெட்கம் வேண்டாம், வைத்தியம் உண்டு

(மாத்தளை மாவட்டத் தோட்ட மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று நாங்கள் பேசாத கூட்டம் இல்லை. இன்று பேசப்போவது பிரட்டுக்களத்தில் யாரும் வாய் திறக்காத விஷயம். இருமினால், தும்மினால், கூடையைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. பொழுது சாயும்போது அடிவயிறு கனத்து, ஏதோ கீழே இறங்குவது போல இருக்கிறது. "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்" என்று நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டு மலைக்குப் போகிறோம்.

முதலில் உடம்பை விளங்கிக்கொள்வோம். இடுப்பெலும்பின் அடியில் தசைகள் ஒரு தூளி போலக் கட்டியிருக்கின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இந்தத் தூளிதான். பிரசவத்தில் அது இழுபடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் தளர்கிறது. அதன்மேல் பாரம், மலச்சிக்கல், ஓயாத இருமல் சேர்ந்தால் தொய்ந்துவிடுகிறது. சிறுநீர் கசிவதும், கர்ப்பப்பை இறங்குவதும் இப்படித்தான்.

இனி எங்கள் வேலையைப் பாருங்கள். தேயிலை மலையில் கொழுந்தைச் சுமந்து சரிவில் ஏறி இறங்குகிறோம். இறப்பர் மலையில் பால் வாளி தூக்குகிறோம். மலையில் கழிப்பறை இல்லாததால் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், முக்க வேண்டி வரும், சிறுநீர் எரியும். ஆகவே இது வீட்டுக்குள் மறைக்கும் விஷயம் அல்ல. தொழிற்சங்கம் பேச வேண்டிய விஷயம்.

நேபாளத்திலும் மலைநாட்டில் பாரம் சுமக்கும் பெண்களை இந்த நோய் வாட்டுகிறது. அங்கே வழக்குப் போட்டார்கள். 2008இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் இது பெண்களின் உரிமைப் பிரச்சினை என்று தீர்ப்பளித்து, சிகிச்சைக்கு வழிசெய்யும்படி அரசாங்கத்துக்கு உத்தரவிட்டது.

தளர்ந்த தசையைப் பயிற்சியால் பலப்படுத்தலாம். 1948இல் ஆர்னல்ட் கீகல் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதிய பயிற்சி இன்றும் உலகெங்கும் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. வாயுவையும் சிறுநீரையும் அடக்குவது போல உள்ளே இழுத்து இறுக்குங்கள். 5 வரை எண்ணுங்கள். பிறகு 5 எண்ணும்வரை முழுதாகத் தளர விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். வயிறு, தொடை, பிட்டம் இறுகக்கூடாது. ஒரு தடவைக்கு 10, நாளுக்கு 3 தடவை. பலன் தெரிய 3 மாதம் செல்லும், விட்டுவிடாதீர்கள். சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம். பாரம் தூக்கும் முன்னும் இருமும் முன்னும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள்.

கர்ப்பப்பை இறங்கியிருந்தால் உள்ளே வளையம் வைக்கலாம். தேவைப்பட்டால் சத்திரசிகிச்சை உண்டு. அரச வைத்தியசாலையில் காசு கட்டத் தேவையில்லை. 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். 1996 முதல் நடக்கும் இந்தக் கிளினிக்கில் பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். நாளும் இடமும் உங்கள் மருத்துவமாதுவிடம் கேளுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டால், இரத்தம் பட்டால், காய்ச்சலோடு முதுகு வலித்தால் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சட்டமும் எங்கள் பக்கம் உண்டு. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, பிரசவத்துக்கு முன் 3 மாதமும் பின் 3 மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடான வேலை கொடுக்கக்கூடாது. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் லீவு உண்டு. பச்சை உடம்புக்காரியைப் பாரம் தூக்கச் சொன்னால் உடனே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள்.

அண்ணன் தம்பிமாரே, பிள்ளை பெற்ற வீட்டில் தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் நீங்கள் தூக்குங்கள். மனைவி கிளினிக்குக்குப் போகும் நாளில் பிள்ளைகளைப் பாருங்கள்.

தோட்டக் கமிட்டிகள் துரையிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று: மலையில் பெண்களுக்குக் கழிப்பறையும் குடிநீரும், பக்கத்திலேயே கொழுந்து நிறுக்கும் இடம், கிளினிக் நாளில் பேர் வெட்டாமை. இவற்றைக் கேட்டு வாங்க, முதலில் நாங்கள் வெட்கத்தை விட்டுப் பேச வேண்டும். இன்றிரவு உங்கள் லயத்தில் ஒரு பெண்ணிடமாவது இதைச் சொல்லுங்கள்.