தொழிலில் துணிவும் பணிவும்



துணிவு போர்க்களத்திற்கும் பணிவு கோயிலுக்குமே உரியன என்று எண்ணுவாருளர். நாடோறும் நாம் செய்யும் தொழிலிலும் இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையரவர்கள் 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார்கள். அவ்வாண்டிலேயே முன்சீபு சேலம் இராமசுவாமி முதலியாரவர்கள் சீவகசிந்தாமணி படித்ததுண்டோ என்று வினவ, இல்லையென்பதை மறையாது கூறினார்கள். ஏடு கிடைத்தபின், சைன சமயச் செய்திகள் விளங்காமையால், அவ்வூர்ச் சைனர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்தார்கள். 1887-இல் அந்நூல் அச்சேறியது.

தெரியாததைத் தெரியாதென்றது துணிவு. தெரிந்தாரை நாடிச் சென்றது பணிவு. ஒன்றின்றேல் மற்றொன்றும் பயன்படாது. பணிவற்ற துணிவு செருக்காகும். துணிவற்ற பணிவு அச்சமாகும்.

கணக்கிற் பிழை கண்ட குமாஸ்தா அதனை முதலாளியிடம் தனித்து, இன்சொல்லால் எடுத்துரைப்பானாக. அதனைக் கேட்கும் முதலாளியும் சினவாது ஏட்டைப் புரட்டிப் பார்ப்பாராக. மாணாக்கன் வினாவிற்கு விடை அறியாத ஆசிரியர், "நாளை பார்த்துச் சொல்வேன்" என்பாராக.

இன்னொன்றும் நம் சங்கத்தார் சிந்திக்கத்தக்கது. கற்பிப்பவர் எக்குலத்தார், எச்சமயத்தார் என்று ஐயரவர்கள் நோக்கியிருப்பின், சிந்தாமணி அவர்களுக்கு விளங்கியிராது. நம் சிறுவர் தொழில் கற்கப் புகும்போது இதனை அவர்க்கு உணர்த்துவோமாக.