கறுப்பு வெள்ளைப் படமும் அச்சு மையும்

கறுப்பு வெள்ளைப் படம் என்றதும் இரண்டு நிறங்களே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அப்படத்தின் உயிர் அவ்விரண்டினுக்கும் இடையே கிடக்கும் எண்ணற்ற சாம்பல் நிறங்களிலேயே இருக்கிறது. கன்னத்தில் படியும் மெல்லிய நிழலும், வெண்சேலையின் மடிப்பும், மழைமேகத்தின் திரட்சியும் அந்தச் சாம்பல் நிறங்களால் ஆனவை. அவற்றை வீட்டு மேசையிலிருக்கும் இங்க்ஜெட் அச்சுப்பொறி எவ்வாறு ஆக்குகிறது என்பதை அறிந்தவருக்கே நல்ல பொறியையும் நல்ல மையையும் தெரிவு செய்தல் எளிதாகும்.

இங்க்ஜெட் பொறி கடதாசியின்மீது மிக நுண்ணிய மைத்துளிகளைத் தெளிக்கிறது. கறுப்பு மை ஒன்றே இருந்தால், வெளிறிய பகுதிகளுக்குத் துளிகளை விலக்கி விலக்கி இடவேண்டும். அப்போது முகத்தில் மணல் தூவியது போன்ற தோற்றம் உண்டாகிறது. இக்குறையை நீக்கச் சாதாரணப் பொறிகள் நீலம், செந்நீலம், மஞ்சள் ஆகிய மைகளைக் கலந்து சாம்பல் நிறத்தை ஆக்குகின்றன. இது இரவல் சாம்பல். கலவையில் சிறிது பிசகினாலும் படத்தில் பச்சையோ ஊதாவோ எட்டிப் பார்க்கும். மின்விளக்கின்கீழ் சரியாகத் தோன்றிய படம் சன்னலோரத்தில் வேறு சாயல் காட்டுவதும் உண்டு.

இதற்குப் பரிகாரம், சாம்பல் நிறத்தையே மையாக வைத்துக்கொள்வதாகும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜோன் கோன் என்னும் அச்சுக் கலைஞர், வண்ண மைகளை அகற்றிவிட்டு, கறுப்பு மையைப் பல படிகளாக நீர்ப்பித்து எப்சன் பொறிகளில் நிரப்பும் முறையை 2000 ஆம் ஆண்டளவில் பியசோகிராஃபி என்ற பெயரில் பரப்பினார். 2005 இல் எப்சன் நிறுவனம் கறுப்பு, இளங்கறுப்பு, அதனினும் இளங்கறுப்பு என மூன்று மைகளை ஒருங்கே பயன்படுத்தும் ஆர்2400 என்னும் பொறியை வெளியிட்டது. ஆகவே, பொறி வாங்குபவர் முதலிற் கேட்கவேண்டியது எத்தனை வண்ணங்கள் என்பதன்று. எத்தனை கறுப்பும் சாம்பலும் உள்ளன என்பதே.

அடுத்தது மையின் இயல்பு. சாய மை நீரில் முற்றாகக் கரைந்திருப்பது. கடதாசிக்குள் ஊறிப் பளிச்சென்று தோன்றும். ஆனால் ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் அதனை விரைவில் அரித்துவிடக்கூடும். 2000 ஆம் ஆண்டில் விற்பனையான சில சாய மைப் பொறிகளின் படங்கள், சுவரில் மாட்டிய சில வாரங்களிலேயே செம்மஞ்சளாக மாறியதுண்டு. துகள் மையோ கரையாத நுண்துகள்களைக் கொண்டது. அவற்றுள் கரித்துகள் மிகவும் உறுதியானது. எழுத்தாணியாற் கீறிய ஓலையில் நம் முன்னோர் பூசிய விளக்குக் கரியும் இதே பொருள்தான். ஓலை செல்லரித்தாலும் எழுத்து வெளிறுவதில்லை.

கரி மையின் இயல்பான சாயல் சற்றுக் கபில நிறமானது. அதை நடுநிலைச் சாம்பலாக்க வேண்டுமானால் சிறிது நீலம் முதலிய வண்ணத் துகள் சேர்க்கவேண்டும். அவ்வண்ணம் கரிக்கு முன்னரே மங்கும் தன்மையது. எனவே, நெடுங்காலம் நிலைப்பதையே பெரிதாகக் கருதுபவர் கபிலச் சாயலை விரும்பி ஏற்றுக்கொள்வதே தகும்.

மைக்கு ஏற்ற கடதாசியும் வேண்டும். பளபளப்பற்ற கடதாசிக்கு ஒரு கறுப்பு மை, பளபளப்பானதற்கு வேறொரு கறுப்பு மை. முன்னையதைப் பளபளப்பான கடதாசியில் இட்டால், அது ஒட்டாமல் விரலில் வந்துவிடும்; பின்னையதைப் பளபளப்பற்றதில் இட்டால், கறுப்பு வெளிறிச் சாம்பலாகத் தெரியும். வெண்மையைக் கூட்டும் இரசாயனம் கலந்த கடதாசி தொடக்கத்திற் பளிச்சென்றிருக்கும். காலப்போக்கில் அந்த வெண்மை குன்றும். அமிலமற்ற பருத்திக் கடதாசி நம்பத்தக்கது.

துகள் மைக்கு ஒரு தொல்லையும் உண்டு. பொறி நெடுநாள் சும்மா கிடந்தால் அதன் நுண்துவாரங்கள் உலர்ந்து அடைபடும். வாரம் ஒரு படமேனும் அச்சிடுதல் நன்று. பழைய பொறியை வாங்குபவர் சோதனை அச்சொன்றை எடுத்து, கோடுகள் எங்கும் அறுபடாதிருப்பதைப் பார்த்தபின்னரே பணம் கொடுக்கவேண்டும். கரி மைக்கென ஒரு பொறியை ஒதுக்கியபின் அதிலே வண்ணப்படமும் எடுக்கலாம் என்று எண்ணுதல் ஆகாது.

மாதத்துக்கொரு படம் மாத்திரம் அச்சிடுபவருக்கு இத்தனை செலவு வேண்டியதில்லை; நல்ல அச்சகமொன்றை நாடினாலே போதும். ஆனால் மறைந்த தாயின் ஒரே படத்தைப் பேரப்பிள்ளைகளின் கைக்குச் சேர்ப்பிக்க விரும்புபவர், முதலிற் கடதாசியையும் அடுத்து மையையும் தீர்மானித்து, இறுதியாகவே பொறியைத் தேடுதல் வேண்டும். பொறி சில ஆண்டுகளிற் பழுதாகிவிடும். எஞ்சி நிற்பவை கடதாசியும் அதன்மேற் படிந்த கரியுமே.