கேமரா எங்கே நிற்கிறது?



டாக்டருக்கு ஊசி போடக் கத்துக்கொடுக்கிறார்கள். மனுசனை மனுசனாக நடத்தக் கத்துக்கொடுக்கிறார்களா? இந்திய மருத்துவக் கவுன்சில் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் பற்றி 2018இல் ஒரு பாடத்தொகுப்பை வெளியிட்டது. 2019இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து அது பாடமானது.

இதைச் சொல்லித்தர வீடியோ நல்ல கருவி. நோயாளியோடு பேசுவதைப் படம்பிடித்து, அந்த டாக்டரையே பார்க்கவைத்து விவாதிப்பது. பொய் சொல்லித் தப்ப முடியாது.

ஆனால் பார்க்கிற கண் யாருடையது? ஒருவருக்கு "வாங்க, உட்காருங்க". சேரியிலிருந்து வந்த கிழவிக்கு "ஏய், தள்ளி நில்லு". நாடி பிடிக்காமலே மருந்துச் சீட்டு. சாதியில் ஊறிய கண்ணுக்கு இதெல்லாம் 'சாதாரணம்'. அந்த அறையில் நோயாளியும் வார்டு துப்புரவுத் தொழிலாளியும் உட்கார்ந்து பேசணும். அவர்களுக்குத்தான் தெரியும், எந்தக் கை தொடத் தயங்கியது என்று. படம் எடுக்கும் முன் நோயாளியிடம் அனுமதி கேட்கணும். மாட்டேன் என்றால் வைத்தியம் குறையக் கூடாது.

இன்னொன்று. 2019 மே மாதம் மும்பையில் மருத்துவ மேற்படிப்பு படித்த ஓர் ஆதிவாசிப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். சீனியர்களின் சாதிக் கொடுமையே காரணம் என்றது குடும்பம். விடுதி அறைக்குள்ளும் டியூட்டி பட்டியலுக்குள்ளும் எந்தப் பயிற்சி கேமராவும் போகாது. அங்கே வேண்டியது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்.

பாடம் பாடமாக நடக்கட்டும். குற்றத்துக்குப் பாடம் பரிகாரமல்ல, தண்டனை வேண்டும். இரண்டையும் கேட்போம்.