டேப்லெட் வாங்கக் கடன் கேட்கும் முன்னே

(ஆண்டு விழாவில் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் கணக்காளர் ஒருவர் பேசிய பேச்சு)



மலிவு விலை டேப்லெட் வாங்கலாமா, வேண்டாமா என்று பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பு நம்ம தீர்மானப் புத்தகத்திலிருந்தே வந்ததுதான். முன்னெல்லாம் உள்கடன் கேட்டால் ஆடு, கறவை மாடு, மரவள்ளிக்கு உரம், ஆஸ்பத்திரிச் செலவு என்று காரணம் எழுதுவோம். இப்போ "பிள்ளை படிப்புக்கு டேப்லெட்" என்றும் எழுதுகிறோம். கேட்கிறது தப்பில்லை. படிப்புக்குக் கடன் இல்லை என்று சொல்ல நமக்கு மனசும் வராது. அதனாலதான் கணக்குப் பார்த்துப் பேசணும் என்கிறேன்.

முதல்ல பொருளைத் தெரிஞ்சுக்குவோம். டேப்லெட் என்பது பெரிய போன் மாதிரி. படம் ஓடும், பாட்டு ஓடும், பாடமும் ஓடும். இன்னொரு பொருள் இருக்கு, கிண்டில் மாதிரியான மின்நூல் வாசிப்பான். அது படிக்க மட்டும்தான். அதன் திரை காகிதம் மாதிரி, வெயிலில் உட்கார்ந்தும் படிக்கலாம். பக்கம் திருப்பும்போதுதான் பெரும்பாலும் கரண்ட் செலவாகும் என்பதால் ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். 2016 டிசம்பரிலிருந்து கிண்டிலில் தமிழ்ப் புத்தகமும் கிடைக்குது.

"அப்போ டேப்லெட் சல்லிசாக் கிடைக்கும்போது வாசிப்பானை யாரு வாங்குவாங்க?" என்று போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டது. நல்ல கேள்வி. கதை, நாவல் என்று மணிக்கணக்கில் படிக்கிறவங்களுக்கு வாசிப்பான்தான் சுகம். நடுவில் விளையாட்டு, வீடியோ என்று எதுவும் வந்து கூப்பிடாது. ஆனா நம்ம பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் வண்ணப் படம், வரைபடம், அட்டவணை எல்லாம் இருக்கு. அந்தப் பெரிய பக்கத்தை உள்ளங்கை அளவுக் கறுப்பு வெள்ளைத் திரையில் வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். அதற்கு டேப்லெட்தான் சரி. ஆகவே ஒன்று இன்னொன்றை ஒழிச்சுடாது. அரிவாளும் அரிவாள்மனையும் மாதிரி, இரண்டும் வெட்டும், வேலை வேற வேற.

அடுத்தது விலை. விலை குறைச்சல் என்பதற்காகவே ஒரு பொருள் பயன்பட்டுவிடாது. இதற்கு நம்ம நாட்டிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கு. 2011 அக்டோபர் 5-ஆம் தேதி மத்திய அரசு டெல்லியில் 'ஆகாஷ்' என்று ஒரு டேப்லெட்டை வெளியிட்டது. உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று பேப்பரெல்லாம் எழுதின. மாணவர்களுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கும் கீழே தருவதாகப் பேச்சு. ஆனா திரையை அழுத்தி அழுத்தித் தொடணும், வேகம் ரொம்பக் குறைவு, பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துடும். அடுத்த வருஷமே ஆகாஷ் 2 என்று திருத்தி வெளியிட்டார்கள். அப்படியும் நாடு முழுக்க எல்லா மாணவர் கைக்கும் போய்ச் சேரும் என்ற கனவு நிறைவேறவில்லை. அரசாங்கமே முன்னின்று செய்ததற்கு அந்தக் கதி. ஊர் ஊராக வந்து கொடுக்கிற பேர் தெரியாத டேப்லெட்டை நாம எந்த நம்பிக்கையில் வாங்குவது?

எங்க ஊராட்சியில் ஒரு உறுப்பினர் அப்படித்தான் வாங்கினாங்க. நாலு மாசத்தில் திரை உடைந்தது. மாற்றுத் திரை எந்தக் கடையிலும் கிடைக்கலை. தவணை மட்டும் நிற்காமல் போய்க்கிட்டே இருந்தது. மாசா மாசம் வந்த மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயில் முக்கால்வாசி அதற்கே போச்சு. அந்தப் பணம் அரிசிக்கும் மருந்துக்கும் உதவியிருக்கும்.

தவணையைக் கணக்குப் போட்டே பார்ப்போம். ஆறாயிரம் ரூபாய்ப் பொருள். முன்பணம் வேண்டாம், மாசம் 750, பத்து மாசம் என்று கடைக்காரர் சொன்னால், கட்டி முடிக்கும்போது 7,500. அதே ஆறாயிரத்தை நம்ம குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கி, மாசம் 600 அசல் கட்டினால், பத்து மாசத்துக்கும் சேர்த்து வட்டி 330 ரூபாய்தான். அந்த 330-ம் நம்ம குழுவிலேயே நிற்கும். வாங்குவது என்று முடிவானால் குழுக் கடனில் வாங்குங்க, தவணைக் கடைக்குப் போகாதீங்க.

இப்போ மலைக்காரங்க விஷயத்துக்கு வர்றேன். சல்லிசா விற்கிற டேப்லெட் நிறைய 'வைஃபை மட்டும்' வகை. அதில் சிம் போட முடியாது. இன்னொரு போனிலிருந்து நெட் கொடுக்கணும். போனுக்கே சிக்னல் இல்லாத ஊரில் அது என்ன செய்யும்? 2020-ல் பள்ளிக்கூடம் மூடியிருந்தப்போ, சிக்னல் தேடி மேட்டிலும் பாறையிலும் ஏறி உட்கார்ந்த பிள்ளைகளை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. இன்னொன்று, உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கிற பிள்ளை லீவுக்குத்தான் வீட்டுக்கு வரும். அந்தப் பிள்ளைக்கு வீட்டில் தனியா ஒரு டேப்லெட் எதற்கு?

ஆனா சிக்னல் இல்லாத ஊருக்குத்தான் டேப்லெட் இன்னும் நல்லா உதவும் என்றும் சொல்வேன். எப்படி என்றால், பாடப்புத்தகம் முழுசும் இலவசமா இறக்கிக்கலாம். நம்ம மாநிலப் பாடப்புத்தகத்தில் கட்டம் கட்டமா ஒரு குறியீடு அச்சடிச்சிருக்காங்க இல்லையா, அதைக் காட்டினால் 'தீக்‌ஷா' செயலியில் பாட வீடியோ வரும். அதையும் இறக்கி வைத்துக்கிட்டால் அப்புறம் நெட் இல்லாமலே பார்க்கலாம். சந்தைக்கோ வங்கிக்கோ கீழே வரும்போது ஒரு தடவை இறக்கினால் ஒரு பருவத்துக்குப் போதும். டிஎன்பிஎஸ்சி பரீட்சைக்குத் தயாராகிற பெண்களும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் உள்ள புத்தகத்தை ஒரே இடத்தில் வைத்துப் படிக்கலாம்.

அதனால என் யோசனை இது. வீட்டுக்கு வீடு ஆறாயிரம் கடன் வேண்டாம். குழுவுக்கு ஒன்று, நல்லதா, பத்து அங்குலத் திரையோடு வாங்குவோம். பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் பன்னிரண்டாயிரம் ரூபாய் டேப்லெட் என்றாலும் ஆளுக்கு ஆயிரம்தான். தீர்மானம் போட்டு, பொருள் பதிவேட்டில் ஏற்றி, சாயங்காலம் இரண்டு மணி நேரம் பொது இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கட்டும். படித்த பெண் ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கட்டும். இல்லம் தேடிக் கல்வியில் வேலை பார்த்த தன்னார்வலர்கள் நம்ம ஊர்களில் இருக்காங்க. அவங்களைக் கேட்கலாம்.

இதில் எனக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வீட்டில் ஒரு போன் இருந்தால் அது முதல்ல யார் கைக்குப் போகுது? பையன் கைக்கு. பொம்பளைப் பிள்ளை தண்ணி எடுத்து, பாத்திரம் துலக்கி, தம்பியைத் தூங்க வைத்துட்டு வரும்போது போனில் சார்ஜ் இருக்காது. வீட்டுக்கு வாங்குகிற டேப்லெட்டுக்கும் இதுதான் நடக்கும். குழுப் பொருள் என்றால் முறை வைக்கலாம். பொண்ணுக்கும் அரை மணி, பையனுக்கும் அரை மணி என்று பதிவேட்டில் எழுதலாம். முறை என்று எழுதிட்டால் யாரும் பிடுங்க முடியாது. சேமிப்பிலும் கடனிலும் முறை வைத்துப் பழகினவங்கதானே நாம?

வாங்கும்போது பார்க்க வேண்டியது நாலு. ஒன்று, ரேம் 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபி, இதற்குக் குறைய வேண்டாம். இரண்டு, பெட்டியிலோ பின்பக்கத்திலோ பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்று தொடங்குகிற பதிவு எண்ணும் இருக்கணும். மூன்று, சர்வீஸ் சென்டர் கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ இருக்கா என்று கேட்கணும். நாலு, ஜிஎஸ்டி பில் கண்டிப்பா வாங்கணும். பில் இருந்தால்தான் ஏமாந்தபோது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் உறுதியாப் பேச முடியும். கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருந்தால் முதல்ல கல்லூரியில் விசாரிங்க. 2025-26 மாநில பட்ஜெட்டில், இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது மடிக்கணினி என்று அறிவிச்சாங்க. சும்மா கிடைக்கக் கூடியதுக்குக் கடன் வாங்க வேண்டாம்.

கடைசியா ஒன்று. அரசு தருகிற அச்சுப் புத்தகத்துக்குச் சார்ஜும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். நூலகத்துக்கும் பிள்ளையை அனுப்புங்க. டேப்லெட் அதுக்கு மேல ஒரு துணை, அவ்வளவுதான்.

அடுத்த மாசக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதைப் பேசி, வாங்குவதோ வேண்டாம் என்பதோ, தீர்மானமா எழுதிக்கிட்டு வாங்க. அந்தக் கூட்டத்தில் எட்டாவதுக்கு மேல படிக்கிற உங்க பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்க. படிக்கப் போகிறது அவங்கதானே.