ஒருமனமும் ஒருமிப்பும்



பத்தாண்டுக் காலம் கூடிப் பேசிய அவையில், கூடி முடிவெடுத்தலைக் குறிக்கும் சொல்லொன்றை ஆராய்தல் பொருத்தமே. ஆங்கிலத்தில் அது 'கன்சென்சஸ்'. உடன் உணர்தல் என்னும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. மக்கட்தொகைக் கணக்கெடுப்பைக் குறிக்கும் 'சென்சஸ்' மதிப்பிடுதல் என்னும் வேறொரு வேரினது. ஒலி ஒத்திருப்பதால் முன்னதன் எழுத்தைப் பின்னதைப்போல் பிழைபட எழுதுவோர் பலர். உணர்தற்கும் எண்ணுதற்கும் உள்ள தொலைவை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

'கன்சென்சஸ் ஆஃப் ஒப்பீனியன்' என்பது பரவலான வழக்கு. கருத்து ஒருமித்தலே அச்சொல்லின் பொருளாதலின், மீண்டும் கருத்தைச் சேர்ப்பது மிகை என்பர் ஆங்கில நடை நூலார். தமிழிலும் 'ஒருமித்த கருத்தொற்றுமை' என்று மேடைகளில் முழங்குகிறோம். ஞாண் என்றாலே கயிறு. ஆயினும் 'அரைஞாண் கயிறு' என்கிறோம். மக்கள் நாவில் பழகிய மிகையைப் பொறுத்துக்கொள்ளலாம். எழுத்தில் ஆள்வோர் தவிர்ப்பது நன்று.

மிகை, நடையின் அழகைத்தான் கெடுக்கும். மெய்யைக் கெடுக்கும் பிழையொன்று உண்டு. அது ஒருமிப்பை ஒருமனம் என்று எழுதுவது. ஒருமனதான முடிவில் மறுப்பவர் எவருமிலர். பெரும்பான்மை முடிவில் மறுப்பவர் எண்ணிக்கையில் தோற்றவர். கருத்தொருமிப்பிலோ மாற்றுக் கருத்துடையவர் இருப்பர். முடிவைத் தடுக்காமல் இசைந்து நிற்பர். ஐக்கிய நாடுகள் அவையில் வாக்கெடுப்பின்றி ஒரு தீர்மானம் நிறைவேறிய பின்னரும், நாடுகள் தத்தம் மறுப்புரையைப் பதிவு செய்வதுண்டு.

இச்சேலத்து மண்ணே இவ்வேறுபாட்டுக்குச் சான்று தருகிறது. 1944 ஆகஸ்ட் 27-இல் சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாடு, கட்சியின் பெயரைத் திராவிடர் கழகம் என மாற்றியது. அரசு அளித்த பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் துறக்க வேண்டுமென்ற தீர்மானம், அண்ணாதுரை தீர்மானம் என்றே வரலாற்றில் பெயர்பெற்றது. அதை ஏற்காதோரும் இருந்தனர். பி.டி. இராசன் நீதிக்கட்சியின் பெயரிலேயே தொடர்ந்து இயங்கி, 1952 தேர்தலில் அப்பெயருடன் வென்று சட்டமன்றம் புகுந்தார். மாநாட்டின் முடிவு முடிவே. எனினும் 'அனைவரும் ஒருமனதாக' என்று எழுதினால், விலகி நின்றவர்கள் வரலாற்றிலிருந்தே நீக்கப்படுவர்.

சேலம், நாமக்கல் சமவெளியின் ஊர்க்கூட்டங்களிலும் 'எல்லாருக்கும் சம்மதந்தானே?' என்று கேட்பதுண்டு. எவரும் வாய் திறவாவிடின் மௌனம் சம்மதமாகிவிடும். அம்மௌனம் இசைவால் வந்ததா, அச்சத்தால் வந்ததா? கடன்பட்டவரும், கூலிக்குச் செல்பவரும், ஓரத்தில் நிற்கும் பெண்டிரும் வாய் திறவாமைக்குக் காரணங்கள் பல. உடன் உணராத இடத்தில் ஒருமிப்பு இல்லை. அடக்கம் மட்டுமே உண்டு.

இலக்கிய அமைப்புகளின் நடவடிக்கைக் குறிப்பேடுகளில் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்னும் தொடர் பழக்கத்தால் எழுதப்பட்டு வருகிறது. எவரும் மறுக்காதபோது அதனை எழுதுக. இருவர் மாறுபட்டு, பின் இசைந்தனராயின், 'கருத்தொருமித்து' என்று எழுதி, அவர்தம் மாற்றுக் கருத்தையும் ஒரு வரியில் சேர்த்திடுக. சொல்லைத் தேர்ந்தாளும் கவிஞர்க்கு இது கடினமன்று. நாளை அக்குறிப்பேட்டைத் திறப்பவர், முடிவை மட்டுமன்றி அவையில் இருந்த மனிதரையும் அறிவர்.